‘இன்சென்ஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

காரைக்குடி வீட்டுத் தகரப்பெட்டியில், ஐயா 1936இல் ரங்கூனிலிருந்து வக்கீலுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்தது, ஊதா மை மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தமிழாக்கி ஆச்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன்: ‘யுவர் டிலே ஹேஸ் இன்சென்ஸ்ட் மை பார்ட்னர்.’

போன் செயலி சாம்பிராணி என்றது. அகராதி பார்த்தேன். பெயர்ச்சொல்லாக வந்தால் தூபம், முதல் அசையில் அழுத்தம். வினையாக வந்தால் கடுங்கோபம் மூட்டுவது, அழுத்தம் இரண்டாம் அசையில். இரண்டுக்கும் மூலம் ‘கொளுத்து’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்தானாம்.

நம்மிடமும் ‘தூபம் போடுவது’ இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பங்காளிச் சண்டையில் தூபம் போடுகிறவன் பக்கத்தில் நின்று ஏற்றிவிடுகிறவன். இங்கே அப்படி யாரும் இல்லை, தாமதமேதான் கோபத்தைக் கிளப்பியது. ‘எரிச்சலூட்டியது’ என்றால் சப்பென்று இருக்கிறது, ‘வெகுண்டார்’ என்றால் புராணம் போல ஆகிவிடுகிறது.

அப்புறம் ‘கொதிக்க வைத்துவிட்டது’ என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வியாபாரக் கடிதத்தில் ‘இன்சென்ஸ்ட்’ சொல்லும் கோபத்துக்கு அந்தச் சூடு சரியா, கூடுதலா?