நபர்மையமா, உரியவர்வழியா? ஒரு சொல் பற்றிய முறையீடு

அன்புள்ள நண்பர்களுக்கு,

'பர்சன் சென்டர்ட் ரிவ்யூ' என்பது, பராமரிப்பில் இருக்கும் ஒருவருக்காகப் போட்ட திட்டத்தை அவரோடும் அவரைச் சுற்றியிருப்பவர்களோடும் உட்கார்ந்து திரும்பப் பார்க்கும் கூட்டம். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு நம்மிடையே இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் (நபர்மையச் சீராய்வு, ஆள்மைய மீளாய்வு, நோயாளிமைய ஆய்வுக் கூட்டம்) சென்னையில் ஒரு முதியோர் இல்லத்துக்காக நான் தமிழாக்கிவரும் படிவத்தில் பொருத்திப் பார்த்தேன். மூன்றும் இடிக்கின்றன.

மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். இல்லத்தில் வாழ்பவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். இந்த முறை இங்கிலாந்தில் வேரூன்றியதே அறிவுத்திறன் குறைபாடுள்ளோரிடையேதான். அவர்களுக்கான 2001ஆம் ஆண்டு அரசு வெள்ளை அறிக்கை இத்தகைய திட்டமிடலை முன்வைத்தது. அதோடு, 'ஆய்வுக் கூட்டம்' என்றதும் நம் நாளிதழ் வாசகருக்கு என்ன தோன்றும்? ஆட்சியர் கேட்க, அதிகாரிகள் கோப்பைப் புரட்டிக்கொண்டு பதில் சொல்லும் காட்சி.

'நபர்' என்பதில் காவல் நிலைய வாடை வீசுகிறது. 'அடையாளம் தெரியாத நபர்' என்றே படித்துப் பழகிவிட்டோம். 'ஆள்மைய மீளாய்வு' என்று பரிந்துரைத்த ஐயா 'ஆள்' என்பதற்குத் தந்த வேர்விளக்கம் அழகானது. ஆனால் 'அந்த ஆளைக் கூப்பிடு' என்பது காதில் எப்படி விழுகிறது என்பதை வேர் மாற்றிவிடாது.

எனக்குப் பெரிய உறுத்தல் 'மையம்'. நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்று பார்த்தாலும் அது மையம்தான். பக்கவாதம் வந்த என் சித்தப்பாவுக்காக ஒரு மறுவாழ்வு நிலையத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். "அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை", "அவருக்குப் பயிற்சியில் ஆர்வம் இல்லை" என்று ஒவ்வொருவராக வாசித்தார்கள். சித்தப்பா மேசைக்கு நடுவிலேதான் இருந்தார். அவர் வாய் திறந்தது ஒரே ஒரு முறை, மின்விசிறியைக் குறைக்கச் சொல்ல. எதிரில் இருப்பவரைப் படர்க்கையில் பேசுவது என்ன இலக்கணமோ!

அதனால் 'முன்னிலைச் சீராய்வு' என்று வைக்கலாமா என்று இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன். பிறகு நம் ஊர் அழைப்பிதழ்கள் நினைவுக்கு வந்தன. 'முன்னிலை' என்ற தலைப்பின்கீழ் பெயர் வருபவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசாமல் அமர்ந்திருப்பவர். கைவிட்டேன்.

என் பரிந்துரை: உரியவர்வழித் திட்டச் சீராய்வு.

'உரியவர்' என்றால் தொடர்புடையவர், உடைமைக்காரரும்கூட. உரிமை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'திட்டம்' கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மனிதரையே சீராய்வதாகப் பொருள்படும். சீராயப்படுவது அவருக்காகப் போட்ட திட்டம். 'சீராய்வு' நீதிமன்றச் சொல் என்று ஒரு நண்பர் தயங்கினார். சீராய்வு மனுவிலும் முன்பு எடுத்த முடிவைத்தானே திரும்பப் பார்க்கிறார்கள்? 'மீள்பார்வை' தேர்வுக்கு முந்தைய இரவுக்குச் சொந்தமாகிவிட்டது.

பேச்சிழந்தவர், மறதிநோய் முற்றியவர் தம் கூட்டத்தைத் தாமே எப்படி நடத்துவார் என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் 'உரியவர்தலைமை' என்னாமல் 'வழி' என்றேன். அவர் முகம் எதற்கு மலர்கிறது, எந்தத் தட்டை ஒதுக்குகிறார், மகள் என்ன சொல்கிறாள் என்பவையெல்லாம் அவர் வழியே வருபவை. சொல் நீளம்தான். பேச்சில் 'உரியவர் கூட்டம்' என்று சுருங்கும், சுருங்கட்டும்.

படிவத்தின் உள்ளே இதைவிடப் பெரிய முள் ஒன்று இருக்கிறது. 'அவர் முக்கியமாகக் கருதுவது', 'அவர் நலனுக்கு முக்கியமானது' என்று இரண்டு பத்திகள். ஆங்கிலம் இதை ஒரு சிறு இடைச்சொல்லை மாற்றியே ('இம்பார்ட்டன்ட் டு', 'இம்பார்ட்டன்ட் ஃபார்') பிரித்துவிடுகிறது. தமிழிலோ 'அவருக்கு முக்கியம்' என்ற நான்காம் வேற்றுமை இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. நான் 'அவருக்கு இனியது', 'அவருக்கு நல்லது' என்று வைத்துப் பார்த்தேன். இல்லத்தில் ஒரு பெரியவருக்கு ஞாயிறு காலை காசிமேடு போய் மீன் பார்ப்பது இனியது. வாங்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும். ஈரத்தரையில் வழுக்கி விழாமல் இருப்பது நல்லது. பழைய படிவத்தில் ஒரே கட்டம். அதில் 'வெளியே அனுப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தது. இரண்டு கட்டம் ஆனதும் பிடிமானமுள்ள செருப்பு, கூட ஒருவர், கூட்டம் குறைந்த நேரம் என்று பேச்சு திரும்பியது. 'இனியது' கொஞ்சம் கவிதையாக ஒலிக்கிறது என்பவர்கள் வேறு சொல் தரட்டும். 'விருப்பம்' மட்டும் வேண்டாம். விருப்பம் என்றால் தள்ளிப்போடலாம் என்றாகிவிடும்.

இன்னொரு தலைப்புக்கு உங்கள் உதவி வேண்டும். இத்தகைய கூட்டத்தில் சுற்றியிருப்பவர்கள் உரியவரிடம் தாங்கள் விரும்புவதையும் வியப்பதையும் அவரிடமே சொல்வார்கள். முகத்துக்கு நேரே புகழ நமக்குக் கூச்சம். 'பாராட்டு' என்றால் மேடையும் மாலையும் வந்துவிடுகின்றன. 'நாங்கள் மெச்சுவது' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.