புதுப்பிப்பு: 27 வாரத்தில் பிறந்த பாப்பாவுக்கு பிடிஏ மூடியாயிற்று

மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன்: எடை 940 கிராம், பிடிஏ (பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் குழாய், பிறந்தபின் தானாக மூடவேண்டியது) மூடவில்லை, வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லை, ஆபரேஷனா, காத்திருப்பதா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அந்தக் குழாயை மூடக் கொடுத்த இபுப்ரூஃபன் மருந்தில் சிறுநீர் குறைந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். பாராசிட்டமால் கொடுத்தும் எக்கோவில் (இதய ஸ்கேனில்) குழாய் திறந்தேதான் இருந்தது. "தொடை இரத்தக்குழாய் வழியாக, பிடிஏவை அடைக்கும் டிவைஸ் வைக்க முடியுமா என்று கேளுங்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார்கள். அதுதான் கைகொடுத்தது. பிக்கோலோ என்ற அந்தச் சின்ன வலைக்கு, 700 கிராமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்காக 2019-லேயே அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை, வேறு இடத்துக்கு மாற்றினோம். அன்று எடை 1,120 கிராம். நெஞ்சைத் திறக்கவே இல்லை. தொடையில் ஒரு துளி பஞ்சு, அவ்வளவுதான்.

எதிர்பாராதது ஒன்று. மூடிய எட்டு மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரசரவென இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. குழாய் மூடியதும் இடது இதயம் திடீரென அதிக அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்யவேண்டி வருவதால் சில குழந்தைகளுக்கு இப்படி ஆகுமாம். மருந்து கொடுத்து மறுநாளே சரிசெய்தார்கள். இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிவைஸ் பக்கத்து நுரையீரல் தமனியையோ பெருந்தமனியையோ அடைக்கவில்லையா என்று எக்கோவில் பார்த்தார்கள். அடைப்பில்லை.

ஐந்தாம் நாள் வென்டிலேட்டர் எடுத்தாயிற்று. இப்போது சிபாப்பில் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவியில்) இருக்கிறாள். நேற்றுதான் அவள் அழும் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன்.