குறைந்த செலவில் டிஜே கன்ட்ரோலர்: தமிழ்ப் பாட்டு போடுபவர்கள் எதைப் பார்த்து வாங்குவது?

செங்காங்வாசி எழுதியது:

500 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முதல் டிஜே கன்ட்ரோலர் (மடிக்கணினியில் மாட்டிப் பாட்டுகளைக் கலந்து போடும் கருவி) வாங்க நினைக்கும் தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் என் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன். நிச்சயதார்த்தம், பிறந்தநாள், சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சி என்று பெரும்பாலும் தமிழ்ப் பாட்டு போடுகிறவன் நான். சொல்வதும் அந்தக் கோணத்தில்தான் இருக்கும்.

ஆரம்பநிலைக் கன்ட்ரோலர் பற்றி வரும் காணொளிகளில் பெரும்பாலானவை ஹவுஸ், டெக்னோ போன்ற மின்னணு நடன இசை போடுபவர்கள் செய்தவை. அந்த இசை கணினியிலேயே உருவாவது. 4/4 தாளம், வேகம் நிமிடத்துக்கு 124 அடி என்றால் கடைசிவரை 124தான். மென்பொருள் பாட்டை அலசி பீட்கிரிட் (அடி விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) போட்டுவிடும், சிங்க் பட்டனைத் தட்டினால் இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும். நம் பாட்டு அப்படி இல்லை. குத்துப் பாட்டில் பலவும் திஸ்ர நடை, அதாவது 6/8. கால் தட்டும் வேகம் 100 என்றால் மென்பொருள் பல நேரம் 150 என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்கில் நான்கு பீட் லூப் (அந்தப் பகுதியே திரும்பத் திரும்ப ஓடுவது) போட்டுப் பாருங்கள். தாளம் சுற்று முடிவதற்குள் வெட்டிக்கொண்டு முதலுக்குத் திரும்பும், ஆடுகிறவர்களின் கால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

1980களின் பாட்டுகளில் வேறு சங்கதி. தபேலா, டிரம்ஸ் எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து வாசித்தவை. பல்லவியில் இருந்த வேகம் இரண்டாம் சரணத்தில் ஒரு துளி ஏறியிருக்கும். திரையைக் கவனித்தால், முதலில் கிரிட் கோடு அடியின் மேலேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில் கோட்டுக்கும் அடிக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி தெரியும், அது விரிந்துகொண்டே போகும். ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் டைனமிக் என்ற அலசல் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு சரியாகும். மீதியைக் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். காதில் ஹெட்போன், ஒரு விரல் ஜாக் வீலின் (கருவியின் மேலுள்ள வட்டச் சுழல்தட்டு) ஓரத்தில், பின்தங்கும்போது லேசாக ஒரு தள்ளு.

அதனால்தான் சொல்கிறேன்: நம் பாட்டுக்கு சிங்க் பட்டனை நம்பி கருவி வாங்கக் கூடாது. ஜாக் வீல் பெரிதாக இருக்கிறதா, பிட்ச் ஃபேடர் (வேகத்தை மாற்றும் இழுகுமிழ்) நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேடர் குட்டையாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வேகம் தாவிவிடும். பேடுகளின் வண்ண விளக்கு, கூடுதல் எஃபெக்ட் இதெல்லாம் அப்புறம்தான்.

இந்த விலைப் பிரிவில் நான் கை வைத்துப் பார்த்தவை: நியூமார்க் மிக்ஸ்டிராக் புரோ எஃப்எக்ஸுக்கு 6 அங்குல ஜாக் வீல், நீளமான பிட்ச் ஃபேடர். மேலே சொன்ன கைவேலைக்கு இந்த விலையில் எனக்குப் பிடித்தது இதுதான். பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4-க்கு வீல் சற்றுச் சிறியது. ஆனால் ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற இரண்டு மென்பொருளிலும் ஓடும், பட்டன்களின் அமைப்பும் கிளப் கருவிகளை ஒட்டியே இருக்கும். பாட்டைத் தானே மாற்றித் தரும் ஸ்மார்ட் ஃபேடரை மட்டும் குத்துப் பாட்டுக்கு நம்பாதீர்கள். ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300-இல் வேகத்தைக் கூட்டு, குறை என்று வழிகாட்டும் விளக்குகள் உண்டு. பழகுகிறவர்களுக்கு நல்ல உதவி. ஆனால் அந்த விளக்கும் மென்பொருளின் கணக்கைத்தான் நம்புகிறது. கிரிட் தவறினால் விளக்கும் தவறும். டிடிஜே-200 மலிவுதான், ஆனால் அதற்குள் சவுண்ட் கார்டு கிடையாது. ஹெட்போனில் தனியாகக் கேட்க, பிரிப்பான் கேபிள் ஒன்றை இடையில் மாட்ட வேண்டும். அந்தச் சமரசம் வேண்டாம் என்பது என் கருத்து.

கேரோசல் விற்பனைச் செயலியில் பழைய கருவி எடுக்கிறீர்களா? தாராளமாக எடுக்கலாம். 2018-இல் வந்த டிடிஜே-400 இன்னும் நல்ல கருவி, மாட்டினாலே ரெகார்ட்பாக்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பயன்முறை (கருவியை வைத்து நேரடியாகப் பாட்டு போடும் வசதி) இலவசமாகத் திறந்துவிடும். ஆனால் எம்ஆர்டி வாசலில் நின்று காசைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மடிக்கணினியை எடுத்துப்போய், கோப்பிக்கடை மேசையில் வைத்து மாட்டிப் பாருங்கள். பிட்ச் ஃபேடரை மேலிருந்து கீழே மெதுவாக இழுங்கள். திரையில் எண் சீராக மாற வேண்டும். இடையில் குதித்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி, மறுபக்கப் பாட்டு கசிகிறதா என்று கேளுங்கள். ஹெட்போன் முனையைத் துளையில் வைத்தே சுழற்றுங்கள், கரகரப்பு வரக் கூடாது. ஜாக் வீலின் மேல்தட்டை ஒரே விரலால் தொடுங்கள், பாட்டு உடனே நிற்க வேண்டும். கடைசியாக யூஎஸ்பி துளையை லேசாக அசைத்துப் பாருங்கள். விழா நடுவில் அந்த ஒரு துளை விட்டுப்போனால் எல்லாமே நின்றுவிடும்.

ஜூரோங்காரர் எழுதியது:

செங்காங் அண்ணன் ஜாக் வீல் பற்றிச் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஒலிப்பெருக்கிப் பக்கம் வேலை பார்க்கிறவன், கருவியின் பின்பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஆரம்பநிலைக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் வெளியே போக ஆர்சிஏ துளைகள் மட்டும்தான். சிவப்பு, வெள்ளைக் கேபிள். சமூக மன்ற மண்டபங்களில் எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் (இரைச்சல் பிடிக்காத மூன்று முனைக் கேபிள்) அதிகம் இருக்கும். பொருந்தும் கேபிள் கிடைக்கவில்லையே என்று நீளமான ஆர்சிஏவை மேடைவரை இழுத்தால் இரைச்சல் பிடிக்கும். ஆர்சிஏவைக் குட்டையாக வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (ஒலியை எக்ஸ்எல்ஆருக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி) போட்டு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆரில் கொண்டுபோங்கள். ஒரு திருமண வரவேற்பில் மாப்பிள்ளை பெண் நுழைகிற நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரே 'ம்ம்ம்' சத்தம். மண்டபக்காரர் ஸ்பீக்கரை மாற்றலாம் என்றார். டிஜே தம்பியின் மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன், சத்தம் அடங்கியது. மின்சாரத்தின் எர்த் இரண்டு வழியில் சுற்றினால் இப்படித்தான் ஆகும். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும், அது இதற்காகத்தான்.

நம் விழாக்களில் மைக் பிடித்துப் பேசாமல் இருப்பார்களா? இந்த விலைக் கன்ட்ரோலர்களில் மைக்குக்குப் பெரும்பாலும் ஒரு வால்யூம் திருகுதான், பாஸ் ட்ரெபிள் எதுவும் கிடையாது. மைக்கை நேராக மண்டபத்து மிக்சரில் கொடுங்கள். தாத்தா பேசுவது கடைசி மேசைக்கும் புரிய வேண்டும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் பழகுகிறவர்களுக்கு: ப்ளூடூத் ஸ்பீக்கரில் பழகாதீர்கள். கையை அசைத்த பிறகு ஒலி வரப் பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு மேல்கூட ஆகும், அதை வைத்துத் தாளம் சேர்க்கவே முடியாது. கம்பி போட்ட சின்ன ஸ்பீக்கர் போதும். இரவு பத்தரைக்கு மேல் ஹெட்போன் மட்டும், பக்கத்து வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள்.

ஈசூன் அக்கா எழுதியது:

வாங்குவதற்கு முன்னால் மிக்ஸ் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸ் (கடைசியில் மூன்று எக்ஸ்) என்ற மென்பொருள் முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். என் மகன் அதில்தான் ஆரம்பித்தான், வெறும் விசைப்பலகையில். அண்ணன் சொன்ன 150 குழப்பத்துக்கு அதில் நேரடியான வழி இருக்கிறது: பாட்டின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் வேகத்தை 2/3 ஆக்கு, 3/4 ஆக்கு என்றெல்லாம் வரும். 2/3 கொடுத்தால் 150 நூறாகிவிடும், லூப்பும் ஒழுங்காகச் சுற்றும். இது தெரிந்த பிறகு குத்துப் பாட்டு வரிசை முழுவதையும் அவனே உட்கார்ந்து சரிசெய்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மலிவு என்று நினைப்பவர்கள், 9% ஜிஎஸ்டியும் அனுப்பும் செலவும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் வரி வந்துவிட்டது. இங்கே கடையில் வாங்கினால் லெமன் சட்டம் துணைக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், வாங்கும்போதே இருந்த பழுது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். கடையில் விற்கும் பழைய பொருளுக்கும் அது பொருந்தும். தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது, அதனால் மேலே சொன்ன சோதனைகளை விடாமல் செய்யுங்கள்.

பொங்கோல் தம்பி எழுதியது:

கிளப்பில் போட வேண்டும் என்ற ஆசை இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே உங்கள் கன்ட்ரோலரை வைக்க இடமே இருக்காது, சிடிஜே (யூஎஸ்பி குச்சியிலிருந்து நேராகப் பாட்டு ஓட்டும் கிளப் கருவி) ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதனால் நான் எஃப்எல்எக்ஸ்4 எடுத்தேன். வீட்டில் ரெகார்ட்பாக்ஸில் கிரிட், ஹாட் க்யூ (பாட்டில் தாவ வேண்டிய இடங்களின் குறி) எல்லாம் சரிசெய்து, யூஎஸ்பி குச்சியில் ஏற்றிக்கொண்டு போனால் சிடிஜேவில் அப்படியே வரும். குச்சியை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், பழைய சிடிஜேக்கள் மற்றதைப் படிக்காமல் போகலாம். ஒரே பாட்டு வரிசையை இரண்டு குச்சிகளில் வைத்திருங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்கும் பாட்டை அப்படிக் குச்சியில் ஏற்ற முடியாது. பாட்டுக் கோப்பைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் இதற்கென்று கொஞ்சம் எடுத்து வையுங்கள். எங்கோ இறக்கிய தரம் குறைந்த எம்பி3 ஹெட்போனில் நன்றாகத்தான் கேட்கும், பெரிய ஸ்பீக்கரில் பறை அடி விழும்போது அதன் கனம் போய்விடும்.

செங்காங் அண்ணா, மிக்ஸ்டிராக்கை ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆசை. ஞாயிறு மதியம் வரலாமா? என் எஃப்எல்எக்ஸ்4-ஐயும் எடுத்து வருகிறேன், ஒரே பாட்டை இரண்டிலும் போட்டுப் பார்ப்போம்.