தட்டுதல் முறை: பதற்றத்தைக் குறைப்பது தட்டும் இடமா?

தேன்மொழி:
அக்குபஞ்சர் புள்ளிகளை விரலால் தட்டிப் பதற்றத்தைக் குறைக்கும் இ.எஃப்.டி. எனும் தட்டுதல் முறை குறித்துப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த குளோண்டின் 2016 தொகுப்பாய்வில் 14 ஆய்வுகள், 658 பேர். பதற்றம் குறைந்ததன் விளைவளவு (மாற்றம் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்) 1.23, ஒப்பீட்டுக் குழுக்களில் 0.41. இவ்வளவு பெரிய எண் இருந்தும் ஏன் தயங்குகிறார்கள்? தட்டும் புள்ளிகள்தான் வேலை செய்கின்றனவா?

வளவன்:
எண்ணுக்கு முன்னால், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். எதுவுமே தராமல் காத்திருக்க வைத்தவர்களோடு ஒப்பிட்டால் எந்த முறையும் நன்றாகத்தான் தெரியும். ஒருவர் எதிரே உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டாலே பதற்றம் கொஞ்சம் இறங்கும்.

புள்ளிகளை நேரடியாகச் சோதித்தது வெய்ட், ஹோல்டர் இருவரின் 2003 ஆய்வு. 119 மாணவர்கள், நான்கு குழுக்கள். ஒரு குழு முறைப்படி தட்டியது. இன்னொன்று கையில் சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு பொம்மையைத் தட்டியது! நான்காவது தட்டவே இல்லை, காகிதத்தில் விளையாட்டுப் பொருள் செய்தது. தட்டிய மூன்று குழுக்களிலும் பயம் குறைந்தது. அவற்றுக்குள் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

கயல்விழி:
பொம்மையைத் தட்டிய விரல்நுனியிலும் அக்குபஞ்சர் புள்ளிகள் உண்டே என்பது ஆதரவாளர்களின் மறுப்பு. அப்படியானால் எங்கே தட்டினாலும் பலன்தான், புள்ளிகளின் வரைபடம் எதற்கு? புள்ளிகளைத் தட்டுவதே செயல்படும் கூறு என்று ஆய்வாளர் டாசன் சர்ச்சின் குழு 2018இல் தொகுத்துச் சொன்னது. அந்தத் தொகுப்பாய்வே தவறாக வழிநடத்துகிறது என்று ஸ்பீல்மன்ஸ் குழு மறுத்தது.

செய்து பார்ப்பதானால்: பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். கைவிளிம்பைத் தட்டிக்கொண்டே, "இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் ஏற்கிறேன்" என்று 3 முறை சொல்லுங்கள். பிறகு புருவத் தொடக்கம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்குக் கீழ், மோவாய், காறை எலும்பு, அக்குளுக்குக் கீழ், உச்சந்தலை. ஒவ்வொன்றிலும் 5–7 தட்டு. முடிந்ததும் மறுபடி மதிப்பெண்.

பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: "பதற்றம்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுத் தட்டுவது. "வாய்மொழித் தேர்வில் முதல் கேள்விக்கே தொண்டை அடைப்பது" என்று குறிப்பாக நினைத்தால்தான் பயத்தை நேருக்கு நேர் சந்திக்கிறீர்கள். பலனில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது என்பது என் கணிப்பு.

தேன்மொழி:
நன்றி. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு?

வளவன்:
ஸ்காட்லாந்தில் கராட்சியாஸ் குழு 2011இல் 46 பேரிடம் இதை, கண்களை இருபுறமும் அசைத்தபடி நினைவை எதிர்கொள்ளும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையோடு ஒப்பிட்டது. இரண்டிலும் முன்னேற்றம், ஆனால் சிகிச்சை பெறாத குழு இல்லை, பாதியில் விலகியவர்களும் நிறைய. பழைய காட்சிகள் திடீரென்று கண்முன் வருபவர்கள் இதைத் தனியாகச் செய்யவே வேண்டாம். தூண்டப்பட்ட நினைவைத் தாங்கிப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.