உங்கள் சபை ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுக்க முன்: கொழும்பிலிருந்து

ஊரவர் எல்லோருக்கும் வணக்கம்.

போன கிழமை கனடா ஸ்காபரோ அண்ணை எழுதியதை வாசித்தேன். அவர்கள் போகிற சின்னத் தமிழ்ச் சபை அகதிக் குடும்பம் ஒன்றை ஸ்பொன்சர் பண்ண, அதாவது செலவையும் பொறுப்பையும் ஏற்றுக் கனடாவுக்கு எடுக்க, யோசிக்கிறதாம். கொழும்பில் காத்திருக்கும் பாகிஸ்தான் குடும்பங்களைப் பற்றி என்னிடம் விசாரித்திருந்தார். அதற்குக் கீழே இரண்டு பேர், “எங்கட சனம் இவ்வளவு பேர் கஷ்டப்படேக்கை ஏன் பிற நாட்டுக்காரர்?” என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. ஆகவே இங்கே வந்து ஐ.நா. அகதிகள் முகவரகத்தில் பதிந்தவர்களுக்கு இங்கேயே தங்கிவிட வழியில்லை. வேறொரு நாடு கூப்பிடும்வரை இருக்க வேண்டியதுதான். வேலை செய்ய அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கலாம், அந்த ஒன்றாவது இருக்கிறது. பலர் பாகிஸ்தானிலிருந்து வந்த அஹ்மதியாக்களும் (அங்கே முஸ்லிம்களாக ஏற்கப்படாத ஒரு பிரிவினர்) கிறிஸ்தவர்களும்; ஆப்கானியரும் இருக்கிறார்கள். காத்திருப்பு வருடக்கணக்கில் இழுபடுகிறது.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்ததை எல்லோரும் அறிவீர்கள். அதற்கு அடுத்த நாட்களில் நீர்கொழும்பில் நடந்தது அவ்வளவாக வெளியே வரவில்லை. அங்கே வாடகைக்கு இருந்த அகதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்து வாகனக் கொட்டகையிலும் பிள்ளை குட்டிகளோடு படுத்தார்கள். தேவாலயத்துக்குப் போவதற்கே பயந்து பாகிஸ்தானை விட்டு ஓடி வந்த கிறிஸ்தவர்களும் அதில் இருந்தார்கள். 83இல் கொழும்பில் வீட்டைப் பறிகொடுத்து, முகாமில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

அண்ணை, எங்கள் சபையும் சின்னதுதான். தெஹிவளையில் மாடி அறை ஒன்றில் இருக்கும் ஒரு குடும்பத்தோடு பழகி வருகிறோம்: தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். பெண்கள் சங்கத்து அன்ரிமார் மாதாமாதம் சாமான் கட்டிக் கொடுப்பார்கள். அரிசியும் நெத்தலியும் அங்கே செலவாகாது என்று கண்டதும் ஆட்டா மா, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, பால்மா என்று மாற்றினார்கள். வாடகையில் ஒரு பங்கைச் சபை கொடுக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரி விடயம். அந்தத் தாய்க்கு மாதவிடாய்க் கோளாறு. களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக வேண்டும். வீட்டில் சிங்களம் தெரிந்தவன் மூத்த பெடியன் மட்டும். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடிப் பழகிய சிங்களம். டொக்டர் கேட்பதை அவன்தான் தாய்க்கு உருதுவில் சொல்ல வேண்டும். எத்தனை நாள் இரத்தம் போகிறது என்று டொக்டர் கேட்டதும் அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். தாயும் பேசவில்லை. மருந்துத் துண்டு இல்லாமலே திரும்பி வந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட எங்கள் சபையின் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், “இனி அந்தப் பிள்ளை வரக்கூடாது, நான் போறன்” என்றார். தாய்க்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும்; இவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தண்ணி பட்ட பாடு. இன்றுவரை கிளினிக் நாளில் காலை ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்து வைப்பவர் அவர்தான்.

ஒரு குடும்பத்தைத் தாங்குவது என்பது இதுதான். சின்னச் சபைக்கு இது கைவரும், ஏனென்றால் யாருக்கு என்ன தெரியும், யாரிடம் கார் இருக்கிறது, யார் பகலில் வீட்டில் நிற்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய கோயிலில் காசு சேரும். ஆனால் காலை ஆறு மணிக்கு யார் போவது என்று கேட்டால் கமிட்டி கூட்ட வேண்டியிருக்கும். அங்கே கனடாவிலும் சட்டப்படி பொறுப்பு பொதுவாகப் பன்னிரண்டு மாதம். வீடு, சாப்பாடு, குளிர் உடுப்பு எல்லாம் அதில் அடங்கும். அதோடு பள்ளிக்கூடப் பதிவு, பல் வைத்தியர், பஸ் அட்டை. இதற்கெல்லாம் ஆள் வேண்டும், காசு மட்டும் போதாது.

இந்த வழியைத் திறந்தவர்களும் பெரிய ஆட்களல்ல. 1979 மார்ச்சில் அகதிகளை ஸ்பொன்சர் பண்ணக் கனடா அரசோடு முதல் ஒப்பந்தம் போட்டது மெனோனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் அமைப்பு. 1979-80இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த ஏறக்குறைய 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோரைப் பொறுப்பெடுத்தவர்கள் இப்படியான சபைகளும் அயலவர் குழுக்களும்தான். அதற்காக 1986இல் ஐ.நா.வின் நான்சென் பதக்கம் கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது. அதே வருடம் ஓகஸ்டில்தான் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்கள் 155 பேரை கஸ் டோல்டன் என்ற மீனவர் கண்டு, மற்ற மீன்பிடிப் படகுகளோடு சேர்ந்து காப்பாற்றினார். யார், எவர் என்று விசாரித்துவிட்டு அவர் ஏற்றவில்லை.

அப்புறம், “எங்கட சனம்” என்ற கேள்வி. முதலாவது, சட்டம் சொல்வது: அகதியாக ஸ்பொன்சர் பண்ணப்படுபவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். வவுனியாவில் இருக்கும் தம்பியை இந்த வழியில் எடுக்க முடியாது. ஆகவே இங்குள்ள பாகிஸ்தான் குடும்பத்தை எடுப்பதால் ஊரில் இருக்கும் உங்கள் உறவின் இடம் ஒன்றும் பறிபோகாது. ஊரில் இருப்பவர்களுக்கு உங்கள் ஊர்ச் சங்கம் செய்வதை அது தொடர்ந்து செய்யட்டும்.

இரண்டாவது, 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட மியன்மார் ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு அருகில் வந்தபோது சோறும் தண்ணீரும் கொண்டு ஓடியவர்கள் அந்தக் கரை மீனவர்கள். 2009இல் எல்லாவற்றையும் இழந்த இடம் அது. அவர்களே “ஏன் பிற நாட்டுக்காரர்?” என்று கேட்கவில்லை. வீடும் வேலையும் உள்ள நாங்கள் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோபித்தாலும் பரவாயில்லை, இது என் மனதில் உள்ளது.

நடைமுறைக்கு வருகிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஐந்து பேர் சேர்ந்து போடும் குழுக்களின் புதிய விண்ணப்பங்களைக் கனடா நிறுத்தி வைத்தது. எனவே நீங்கள் தனியாகப் படிவம் நிரப்பத் தொடங்க வேண்டாம். அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் திருச்சபைத் தலைமையகங்கள் உண்டு. ஐக்கிய திருச்சபை, அங்கிலிக்கன் மறைமாவட்டங்கள், ரொறன்ரோ கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் போன்றவை. அவற்றுக்கு வருடத்துக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருக்கிறது, ஆகவே உங்கள் போதகர் முதலில் அங்கே கேட்கட்டும். லண்டன்காரர்கள் 2016இல் தொடங்கிய சமூக ஸ்பொன்சர் திட்டத்தையும், மெல்பேண்காரர்கள் 2022இல் வந்த ஐந்து பேர் குழுத் திட்டத்தையும் விசாரியுங்கள். அவற்றில் பொதுவாகக் குடும்பத்தை நீங்கள் தெரிவு செய்ய முடியாது, வருகிறவர்களை ஏற்க வேண்டும்.

இங்கே எங்களுக்குக் காசு அனுப்ப வேண்டாம். அண்ணை, உங்கள் கமிட்டி கேட்கிற கேள்விகளை எழுதி அனுப்புங்கோ. தாதி அம்மாவோடு இருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். உருது பேசத் தெரிந்தவர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் இப்போதே பிடித்து வையுங்கோ, பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.