ஃபேட்டல் ஃப்ரேம்: இன்னும் மறக்காத அந்த ஒரு கட்டம் எது? (பேயைக் கேமராவால் படம் எடுத்தே அடிக்கும் இந்த ஜப்பானியத் திகில் கேம் தொடர் இனியாவது விற்குமா?)

மழைக்காலி
மெய்டன் ஆஃப் பிளாக் வாட்டர், பிசி ரீமாஸ்டர். தரையில் கிடக்கும் பொருளை எடுக்க பட்டனை அழுத்திப் பிடித்தால் கை மெல்ல நீளுமே, அதுதான். அதற்கு முன் எத்தனையோ தடவை ஒன்றும் ஆகவில்லை. அந்த மிதப்பில் ஒரு ஃபிலிம் சுருளுக்குக் கையை நீட்டினேன், வெளிறிய கை ஒன்று லபக்கென்று மணிக்கட்டைப் பிடித்தது. நான் கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்து விளக்கைப் போட்டுவிட்டார். இப்போது வேறு எந்த கேமில் எதை எடுத்தாலும் விரல் ஒரு நொடி தயங்குகிறது. இப்படிப் பயமுறுத்தத் தெரிந்தவர்கள் ஏன் ரெசிடென்ட் ஈவில் மாதிரி விற்கவில்லை? என் கூட்டாளிகளில் பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது.

பிஎஸ்2_பெருசு
தம்பி, நீங்கள் சொல்வது ஐந்தாம் பாகம். இரண்டாம் பாகத்துக்கு (2003) வாருங்கள். குரோசாவா வீட்டில் சாயே என்ற பேய் துரத்துவாள். கிமோனோ முழுக்க ரத்தம், அந்தச் சிரிப்பு. அதுவரை நம்மைக் காப்பாற்றிய கேமரா அவளிடம் செல்லாது, தொட்டால் ஆட்டம் முடிந்தது. சிரிப்பு தாங்காமல் டிவி சத்தத்தைக் குறைத்தேன். அப்புறம் எந்தப் பக்கம் வருகிறாள் என்றே தெரியாமல் இன்னும் மோசமாகப் போனது.

விற்பனையைப் பற்றிக் கேட்டால், நம் பக்கம் இதைக் காசு கொடுத்து வாங்கியவர் யார்? கள்ள டிவிடி ஓடச் சிப் போட்ட பிஎஸ்2, மார்க்கரில் பெயர் எழுதிய டிவிடி. கேமை வெளியிட்ட டெக்மோவுக்கு ஒரு யென்கூடப் போயிருக்காது.

கேம்பேட்
பெருசு அண்ணே, டிவிடி கதையை விடுங்கள். நம் ஊர் கள்ள டிவிடியால் ஒரு ஜப்பானியத் தொடர் படுக்காது. கடையை அவர்களே பூட்டினார்கள். முதல் மூன்று பாகத்தையும் பிஎஸ்2-வில் ஆடிய கூட்டத்தை விட்டுவிட்டு நான்காம் பாகத்தை 2008-ல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு மட்டும், அதுவும் ஜப்பானில் மட்டும் விட்டார்கள். 2010-ல் ரசிகர்களே ஆங்கில மொழிபெயர்ப்புப் பேட்ச் போட்டு ஆடினார்கள். மற்ற நாடுகளுக்கு முறையாக வந்தது 2023 மார்ச்சில். பதினைந்து வருஷம்! இரண்டாம் பாகத்தின் வீ பதிப்பு 2012-ல் ஐரோப்பாவுக்குப் போனது, அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஐந்தாம் பாகம் வீக்கு அடுத்து வந்த வீ யூ-வில். அந்தக் கன்சோலே மொத்தம் ஒரு கோடியே 35 லட்சம்தான் விற்றது. அமெரிக்காவில் டிஸ்க்கும் கிடையாது, இணையக் கடை மட்டும். 2023-ல் அந்தக் கடையையும் மூடியாயிற்று. இதில் எங்கே ஐயா விற்பது?

என் அனுபவம் சொல்ல மறந்துவிட்டேன். வீ யூ-வில் கேம்பேடையே (திரை வைத்த கன்ட்ரோலர்) கேமராவாகத் தூக்கிப் பிடித்து ஆட வேண்டும். பேய் பின்னால் வந்தது, நானும் எழுந்து சுழன்று திரும்பினேன். திரைக்கு மேலே நிஜமாகவே ஒரு முகம். தண்ணீர் குடிக்க வந்த அக்கா.

கிழக்குஜன்னல்
மூன்றாம் பாகத்தை யாரும் சொல்லவில்லையே. கனவில் மாளிகை, விழித்தால் நாயகி ரேயின் வீடு. வீட்டில் மூச்சு விடலாம் என்று பழக்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் போனதும் பேய்கள் அந்த வீட்டுக்குள்ளேயே தெரிய ஆரம்பிக்கும். சேவ் பண்ணிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

ஃபிலிம்14
நான்காம் பாகம், ரோகெட்சு தீவு மருத்துவமனை, நல்ல ஃபிலிம் எல்லாம் தீர்ந்த நேரத்தில் நடைவழியில் மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் கதை.

ஆனால் மழைக்காலிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேயைப் பார்த்ததும் க்ளிக் க்ளிக் என்று அடிப்பதால்தான் பலர் பாதியில் விட்டுவிட்டு 'கண்ட்ரோல் சரியில்லை' என்று ரிவ்யூ எழுதுகிறார்கள். சாதாரணப் பேய்க்கு டைப்-07 ஃபிலிம் போதும், அது தீரவே தீராது. 14-ஐயும் 61-ஐயும் பெரிய ஆட்களுக்கு வையுங்கள். 90 கிடைத்தால் கடைசிவரை தொடாதீர்கள். கிட்டே வரவிடுங்கள், இன்னும் வரவிடுங்கள், கையை ஓங்கும் அந்தக் கணத்தில் அடித்தால்தான் முழு அடி விழும். புள்ளிகளை முதலில் லென்ஸில் கொட்டாதீர்கள், கேமராவின் அடிப்படைத் திறனை ஏற்றுங்கள். மருந்தைப் பதுக்கி வைத்துக்கொண்டு சாகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஹெட்போன் கட்டாயம். சுவரோரமாக நிற்காதீர்கள், பேய் சுவருக்குள்ளிருந்தே வரும்.

மழைக்காலி
அண்ணா, நான் அதை முடித்தே நாளாகிறது. டிப்ஸ் கேட்கவில்லை.

கேம்பேட்
ஆனால் ஏன் விற்கவில்லை என்பதற்கு விடை ஃபிலிம்14 சொன்னதிலேயே இருக்கிறது. மற்ற திகில் கேமில் பயந்தால் ஓடலாம், சுடலாம். இங்கே நாம் பார்த்துப் பயந்த முகத்துக்கு நேரே போய் நின்று ஃபோகஸ் பண்ண வேண்டும். இதைக் காசு கொடுத்துச் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை எளிதாக்கினால் கூட்டம் வரலாம், ஆனால் அது வேறு கேம்.

பிஎஸ்2_பெருசு
ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு திகில் தொடரின் சைலண்ட் ஹில் எஃப் 2025-ல் வந்த வேகத்தில் பத்து லட்சம் விற்றது. அதுவும் பழைய ஜப்பானியக் கிராமம்தான், அங்கேயும் பள்ளிக்கூடத்துப் பெண்தான்.

கேம்பேட்
அது சைலண்ட் ஹில் என்ற பெயருக்கு விற்றது. நம்முடையதற்கு ஜப்பானில் ஒரு பெயர், ஐரோப்பாவில் ஒரு பெயர், அமெரிக்காவில் ஒரு பெயர். எதைத் தேடுவான் புதிதாக வருகிறவன்?

கிழக்குஜன்னல்
2025 செப்டம்பரில் இரண்டாம் பாகத்தின் ரீமேக்கை அறிவித்தபோது ஸ்விட்ச் 2, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், பிசி எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்களே, அதுவே பெரிய மாற்றம். டீம் நிஞ்சா ஸ்டுடியோவின் பொறுப்பு என்றார்கள். நாயகியின் இரட்டைச் சகோதரி மாயூவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாமாம். எனக்குக் கவலை ஒன்றுதான். மெய்டன் ரீமாஸ்டருக்குச் செய்த மாதிரி பாத்திரங்களுக்கு மாட்டும் உடைகளைக் கூடவே விற்கத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கிராமத்தில் யார் என்ன உடுத்தினால் என்ன?

பிஎஸ்2_பெருசு
உடை விற்ற காசில் முதல் பாகத்தைப் பிசிக்குக் கொண்டுவந்தால் நானே நாலு உடை வாங்குகிறேன். ஹிமுரோ மாளிகையின் கழுத்து முறிந்த பெண்ணை இந்தப் பிள்ளைகள் இன்னும் பார்க்கவே இல்லை.

ஃபிலிம்14
அவளுக்கு எந்த ஃபிலிம் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

மழைக்காலி
வேண்டாம் அண்ணா.