தைராய்டு ஸ்லைடை நிணநீர் முடிச்சு என்று தவறாக எழுதிவிட்டேன்

கேள்வி (மருத்துவ மாணவி):
நோய்க்குறியியல் செய்முறை வகுப்பில் தந்த ஸ்லைடில், குறைந்த உருப்பெருக்கத்தில் எங்கு பார்த்தாலும் லிம்போசைட்டுகளும் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்), நடுவே அவை பெருகும் வெளிறிய வட்டங்களான ஜெர்மினல் சென்டர்களும் தெரிந்ததால், நிணநீர் முடிச்சு என்று எழுதினேன். அது தைராய்டு சுரப்பு குறைந்து, கழுத்து முன்புறம் வலியின்றி வீங்கிய ஒரு பெண்ணின் சுரப்பி என்று பின்னர் சொன்னார்கள். எதைக் கவனிக்கத் தவறினேன்? சுரப்பு குறைந்திருக்கும்போது சுரப்பி ஏன் பெரிதாகிறது?

பதில் 1 (நோய்க்குறியியல் ஆசிரியர்):
இத்தவறு பலருக்கும் நேர்வதுதான், அம்மா. நீங்கள் பார்த்தது ஹாஷிமோட்டோ அழற்சி, அதாவது உடலின் எதிர்ப்பு அமைப்பே தைராய்டைத் தாக்கும் நோய். அதில் லிம்போசைட்டுகளும், ஆன்டிபாடி செய்யும் பிளாஸ்மா செல்களும் சுரப்பியை அந்த அளவுக்கு நிறைத்துவிடுகின்றன. அவற்றுக்கு இடையே சிறுத்துப்போன ஃபாலிக்கிள்கள் (தைராய்டின் சிறு பைகள்) எஞ்சியிருக்கின்றனவா, அவற்றுள் கொலாய்டு என்னும் கூழ்ப்பொருள் சிறிதளவேனும் தெரிகிறதா என்று தேடுங்கள். பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டினால், அந்த ஃபாலிக்கிள்களின் சுவரில் இளஞ்சிவப்பாக, மணல் தூவியது போன்ற சைட்டோபிளாசத்துடன் பெரிய செல்கள் தெரியும். இவையே ஹர்த்தில் செல்கள். மைட்டோகாண்ட்ரியா மிகுதியாகச் சேர்வதே அந்த நிறத்துக்குக் காரணம். நிணநீர் முடிச்சில் உறைக்கு அடியில் சைனஸ் (நிணநீர் ஓடும் இடைவெளி) இருக்கும், கொலாய்டு கொண்ட இத்தகைய தைராய்டு ஃபாலிக்கிள் இராது.

ஹார்மோன் செய்யும் ஃபாலிக்கிள்கள் அழிவதால் சுரப்பு குறைகிறது. அழற்சிச் செல்கள் வந்து நிறைவதாலும், உயர்ந்த டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) மிஞ்சிய திசுவைத் தூண்டுவதாலும் சுரப்பி பெருக்கிறது.

பதில் 2 (முதுநிலை மாணவர்):
ஜப்பானின் ஃபுகுவோகாவில் பணியாற்றிய ஹகாரு ஹாஷிமோட்டோ, 1912இல் நான்கு பெண்களின் சுரப்பிகளில் இம்மாற்றங்களை விவரித்தபோது, தாம் கண்ட லிம்போசைட் பெருக்கத்தைக் கொண்டே நோய்க்குப் பெயரிட்டார். உடலே தன் தைராய்டுக்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது என்பது 1956இல்தான் லண்டன் ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட அவர் பார்த்ததைப் போலவே பார்ப்பது எனக்குப் பெரிதும் உதவியது.

பதில் 3 (நோய்க்குறியியல் மருத்துவர்):
இரண்டு எச்சரிக்கைகள். இந்நோயில் ஃபாலிக்கிள் செல்களின் கரு சில இடங்களில் பெரிதாகி வெளிறித் தோன்றும். அதை மட்டும் கண்டு தைராய்டின் பாப்பில்லரி புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது. நெடுநாளாக இருந்த வீக்கம் திடீரென வேகமாக வளர்ந்தால் லிம்போசைட்டுகளின் புற்றுநோயான லிம்போமாவை நினைக்காமல் விடவும் கூடாது. நார்த்திசு மிகுந்திருந்தாலும் ஹாஷிமோட்டோவில் அது சுரப்பியின் உறைக்குள்ளேயே நிற்கும். உறையைத் தாண்டி அருகிலுள்ள தசைக்குள் பரவியிருந்தால் தைராய்டு நார்த்திசுவாக இறுகும் ரீடல் நோயைக் கருதவேண்டும்.

கேட்டவர்:
நன்றி, ஐயா. இன்று அதே ஸ்லைடை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று சிறு ஃபாலிக்கிள்கள் இருந்தன. சுற்றிலும் நீங்கள் சொன்ன இளஞ்சிவப்புச் செல்கள்.